முப்பத்திரண்டு பின்களும் ஒரு மலையும்

ஜப்பானில் பழைய மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் 'ஜங்க்' என்று எழுதிய அட்டைக்குக் கீழே பிளாஸ்டிக் கூடைகள் வரிசையாக இருக்கும். அந்தக் கூடையில் கிடப்பது ஓடும் என்று கடைக்காரர் சொல்வதில்லை. ஓடாது என்றும் சொல்வதில்லை. வாங்கினால் வாங்கியதுதான், திருப்பித் தர முடியாது. விலை குறைவு என்பதைவிட, அந்த ஒப்பந்தத்தின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பொருளை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, சோதிக்க வேண்டியது உன் வேலை என்று கடையே சொல்லிவிடுகிறது.

டோக்கியோவின் அகிஹாபாராவில் அப்படி ஒரு கூடைக்கு முன்னால் நானும் நண்பரும் குந்தியிருந்தோம். நண்பர் கோவைக்காரர், யோகோஹாமாவில் எம்பெடட் பொறியாளராக இருக்கிறார். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் பழைய கையடக்க வீடியோ கேம் கருவிகளைத் திறந்து பழுது பார்ப்பதும், அவற்றுக்குப் புதிதாகக் கார்ட்ரிட்ஜ் செய்து பார்ப்பதும்தான் அவருக்கு. இந்தப் பயணமே அவர் கூப்பிட்டதால் நடந்தது. "வந்து ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க, அப்புறம் எழுதுங்க" என்றார்.

கூடைக்குள் சாம்பல் நிற கேம் பாய்கள் கிடந்தன. 1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென் விலைக்கு வெளிவந்த அதே முதல் மாதிரி. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, நான்கு நிழல்கள், நான்கு பென்சில் செல். நண்பர் ஒவ்வொன்றாக எடுத்து முதலில் செல் மூடியைக் கழற்றி உள்ளே முகர்ந்தார். செல் கசிந்து உப்பு பூத்திருந்தால் வாசனை காட்டிக் கொடுத்துவிடுமாம். பிறகு கார்ட்ரிட்ஜ் வாய்க்குள் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தார். திரையில் நெடுக்குக் கோடுகள் விழுந்த ஒன்றை எனக்காகத் தேர்ந்தெடுத்தார். "கோடு விழுந்தது நல்லது. அது சரி பண்ணக் கூடிய நோய்" என்றார்.

அகிஹாபாராவில் இப்போது பொம்மைக் கடைகளும் அனிமே விளம்பரங்களும்தான் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் எலெக்ட்ரிக் டவுன் வாசலிலிருந்து சோபு ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்தால் ரேடியோ சென்டர் இருக்கிறது. ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், இரு பக்கமும் சுவிட்ச், கனெக்டர், ஒயர், மீட்டர் என்று ஒரே பொருளை மட்டும் விற்கும் கடைகள். போருக்குப் பின் கண்டா பகுதி நடைபாதைகளில் ரேடியோ பாகங்கள் விற்றவர்களை 1949-இல் வந்த கடை அகற்றும் உத்தரவு அப்புறப்படுத்தியது. அவர்கள் கூட்டாக இடம் கேட்டு இந்தப் பாலத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். பக்கத்திலிருந்த மின்பொறியியல் பள்ளி மாணவர்கள் பாகங்களை வாங்கி ரேடியோ கட்டி விற்றுப் படிப்புச் செலவைச் சமாளித்தார்கள். எதிரே ரேடியோ கைகான். அங்கேதான் 1976-இல் என்.ஈ.சி. நிறுவனம் பிட்-இன் என்ற இடத்தைத் திறந்தது. டி.கே.-80 என்ற பயிற்சிப் போர்டைப் பொறியாளர்களுக்காக விற்றார்கள். வந்து வாங்கியவர்களில் பொழுதுபோக்குக்காரர்கள் ஏராளம். ஜப்பானில் தனியாள் கணினி பிறந்த இடம் என்று அதற்கு ஒரு பலகை உண்டு. பாகங்களை வாங்கி வீட்டுக்குப் போய் ஈயம் வைக்கிறவர்களை இந்தப் பேட்டை முக்கால் நூற்றாண்டாகப் பார்த்து வருகிறது. எங்கள் ஷாப்பிங் பட்டியலைக் கடைக்காரர் ஒருவரிடம் நீட்டியபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்ததற்கு அதுதான் காரணம்.

வாங்கியதெல்லாம் சில்லறைச் சாமான்: மூன்று முனை ஸ்க்ரூவைத் திருப்ப ஒரு டிரைவர், ஃபிளக்ஸ், போலரைசர் படலம், ஆறு இன்வெர்ட்டர்கள் அடங்கிய பதினான்கு கால் ஐ.சி. ஒன்று. கடைசியாகச் சொன்னதன் விலை ஒரு கோப்பைக் காபிக்கும் வராது.

மணிக்கணக்கில் மேசையை வாடகைக்குக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் எங்களுக்காகப் பெரியவர் ஒருவர் காத்திருந்தார். தொலைக்காட்சித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நண்பர் அவரை 'சென்செய்' என்றுதான் அழைக்கிறார். பெரியவர் என் கேம் பாயை வாங்கி, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியைத் திறக்கும்போது மட்டும் கையை நிறுத்தினார். முன்போர்டையும் பின்போர்டையும் ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் இணைக்கிறது. அவசரப்பட்டு மூடியை விரித்தால் அது கிழியும். நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தார்.

உள்ளே பார்த்ததும் எனக்கு ஏற்பட்டது வியப்பு. இவ்வளவுதானா என்ற வியப்பு. ஷார்ப் நிறுவனம் செய்துகொடுத்த ஒரு பிராசசர், இரண்டு நினைவக ஐ.சி., ஒலிக்கு ஒரு சிறு ஆம்ப்ளிஃபயர், மின்சாரத்துக்கு ஒரு குட்டிப் போர்டு. பிராசசரின் வேகம் ஏறக்குறைய 4.19 மெகாஹெர்ட்ஸ், வேலைக்கு 8 கிலோபைட், படத்துக்கு 8 கிலோபைட் நினைவகம். டிராக்குகள் அகலமாக, கண்ணால் பின்தொடர்ந்து போகக்கூடிய மாதிரி ஓடுகின்றன. எந்த ஐ.சி.யிலிருந்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பெரியவர் பென்சில் முனையால் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு மாலைப்பொழுதில் ஒருவரின் மனத்துக்குள் முழுதாக அடங்கிவிடுகிற கணினி அது. இன்று என் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைப் பற்றி உலகில் எந்தத் தனி ஆளும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

நெடுக்குக் கோடு விழுவதற்குக் காரணம் திரையின் அடிவிளிம்பில் இருக்கிறது. கண்ணாடியையும் போர்டையும் சேர்க்கும் மெல்லிய நாடா சூட்டால் ஒட்டப்பட்டது. முப்பது ஆண்டுகளில் அந்த ஒட்டு அங்கங்கே விட்டுப்போகிறது. எந்த இடத்தில் விட்டதோ அந்த நெடுக்கு வரிசைக்கு மின்சாரம் போவதில்லை. நம்மூர் பாஷையில் லூஸ் கான்டாக்ட். பெரியவர் சால்டரிங் அயனின் சூட்டைக் குறைத்து வைத்து, கருவியை ஆன் செய்தபடியே அந்த நாடாவின் மேல் அயனை மெதுவாக இழுத்தார். முனை நகர நகர, திரையில் காணாமல்போன கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒரு கோடு வந்தது, போனது. அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார், நின்றது.

இந்தப் பொழுதுபோக்கில் இன்று பெரும்பாலோர் செய்வது வேறு. பழைய திரையைக் கழற்றிவிட்டு, சீனாவின் ஷென்ஜென் பட்டறைகள் தயாரிக்கும் ஐபிஎஸ் திரைகளை மாட்டிவிடுகிறார்கள். பளிச்சென்று இருக்கும், இருட்டில் தெரியும், ஈயம்கூட வைக்கத் தேவையில்லாத கிட்டுகள் வந்துவிட்டன. நான் அதைக் குறை சொல்லவில்லை; கண் பார்வை குறைந்தவர்களுக்கு அது வரம். ஆனால் பழைய கண்ணாடியையே வைத்துக்கொண்டு அதன் பின்னால் ஒளித்தகடு பொருத்துகிற வேலைதான் என் மனத்தை இழுத்தது. முதல் மாதிரியின் திரை தானாக ஒளிராது. முன்னாலிருந்து விழும் வெளிச்சம் பின்னாலுள்ள வெள்ளித்தாளில் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் பார்க்கிறோம். அந்தத் தாளை உரித்து ஒளித்தகட்டைச் சொருகினால் படம் தெரியும், ஆனால் சோகையாகத் தெரியும். அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார்கள். திரைக்குப் புள்ளிகளைக் கொண்டுபோகும் இரண்டு கம்பிகளை இன்வெர்ட்டர் ஐ.சி. வழியாகத் திருப்பி விட்டால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். பிறகு போலரைசர் படலத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி ஒட்டினால் மறுபடி எல்லாம் நேராகும். இரண்டு முறை தலைகீழாக்கி நேராக்கியதில் கறுப்பு மட்டும் முன்பைவிடக் கறுப்பாகிவிடும். ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்த யாரோ ஒருவர் யோசித்த தந்திரம் அது. எனக்கு விஞ்ஞானப் பாடம் நடத்திய யாராவது போலரைசரை இப்படிக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

என் கருவிக்கு அந்த வைத்தியம் வேண்டாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார். "இதை மலைக்குக் கொண்டுபோகப் போகிறோம். வெயிலில் பார்க்க வேண்டும்" என்றார். பையிலிருந்து அவர் எடுத்த பொருளுக்குத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

அது ஒரு கார்ட்ரிட்ஜ் போர்டு, உறை இல்லாமல். 0.8 மில்லிமீட்டர் தடிமன், விளிம்பில் பொன்முலாம் பூசிய 32 பின்கள். அதன்மேல் ஃபிளாஷ் நினைவகம் ஒன்று, தர்க்க வேலைகளுக்கு ஒரு சிபிஎல்டி, ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ஓரத்தில் அரிசிமணி அளவில் காற்றழுத்தம் அளக்கும் சென்சார். கேம் பாயை உயரமானியாக மாற்ற வேண்டும் என்பது பெரியவரின் திட்டம். மலையேற்றம் அவருக்கு இளமையிலிருந்தே பழக்கம்.

அந்த 32 பின்களைப் பற்றி இங்கே நின்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த உலகம் முழுவதும் அவற்றின் மேல்தான் நிற்கிறது. ஏ0 முதல் ஏ15 வரை முகவரிக் கம்பிகள் பதினாறு. தரவுக் கம்பிகள் எட்டு. படி, எழுது, தேர்வு செய், ரீசெட் என்று சைகைகள், கடிகாரத் துடிப்பு, வெளியிலிருந்து ஒலி ஊட்ட ஒன்று, 5 வோல்ட், கிரவுண்ட். அதாவது பிராசசரின் நரம்புகளே நேராக வாசலுக்கு வந்து நிற்கின்றன. இன்றைய கருவிகளில் செருகும் அட்டை வெறும் சேமிப்புக் கிடங்கு. அதற்குள் பூட்டு, பூட்டுக்குள் மறையாக்கம். கேம் பாயில் கார்ட்ரிட்ஜைச் செய்கிறவர் கருவிக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அடுத்தது வேகம். ஒரு முறை படிக்க ஏறத்தாழ ஒரு மைக்ரோ விநாடி. இது இன்றைய கணக்கில் ஆமை நடை. ஆனால் அந்த நடையினால்தான் வீட்டு மேசையில் வரைந்து, கையால் ஈயம் வைத்த போர்டுகூடத் தடுமாறாமல் ஓடுகிறது. வேகமான கருவிகளில் டிராக்கின் நீளம் ஒரு விரற்கடை கூடினாலே சைகை கலங்கிவிடும். திறந்த வாசல், நிதானமான நடை. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் முப்பத்தைந்து வயதுக் கருவிக்கு இன்றும் புதுக் கார்ட்ரிட்ஜ்கள் பிறக்கின்றன என்று நான் நினைக்கிறேன். ஏக்கம் மட்டுமே காரணம் என்றால் ஒரு தலைமுறையோடு முடிந்திருக்கும்.

விளையாட்டுக்கு அந்த முகவரிகளில் ஒதுக்கியிருப்பது 32 கிலோபைட் மட்டும். டெட்ரிஸ் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. பெரிய விளையாட்டுகளுக்கு என்ன செய்தார்கள்? திருவிழா பயாஸ்கோப் பெட்டியில் கண் வைத்துப் பார்க்கும் துளை ஒன்றுதான், உள்ளே சுருளும் படம் எவ்வளவு நீளமும் இருக்கலாம், அதே யோசனைதான். கீழ்ப்பாதி 16 கிலோபைட் நிலையாக இருக்க, மேல்பாதியில் எந்தத் துண்டு தெரிய வேண்டும் என்பதைக் கார்ட்ரிட்ஜில் இருக்கும் எம்பிசி என்ற ஐ.சி. மாற்றுகிறது. அதற்குக் கட்டளை கொடுக்கும் விதம் அழகானது. படிக்க மட்டுமே முடிந்த நினைவகத்தில் எழுத முயன்றால் ஒன்றும் ஆகாது அல்லவா? அந்த வீண்முயற்சியையே எம்பிசி கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

அசல் எம்பிசி ஐ.சி.க்கள் இப்போது பழைய கார்ட்ரிட்ஜ்களிலிருந்து பிடுங்கினால்தான் உண்டு. ஆகவே புரோட்டோடைப் செய்கிறவர்கள் அதன் வேலையைச் சிபிஎல்டி ஒன்றுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். ஓடுகிற பழைய விளையாட்டு ஒன்றை அறுத்து உறுப்பெடுக்க வேண்டியதில்லை என்பதால் இந்த மாற்றத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். இன்னொரு தலைவலி மின்னழுத்தம். வாசலில் வருவது 5 வோல்ட். இன்றைய ஃபிளாஷும் சென்சாரும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் அழுத்தத்தை மாற்றும் ஐ.சி.க்களை வைத்தே போர்டின் பாதி இடம் போய்விடுகிறது.

பெரியவரின் போர்டில் மைக்ரோகன்ட்ரோலர் சென்சாரைக் கேட்டு, வந்த எண்ணை ஒரு மூலையில் வைத்துவிடுகிறது. கேம் பாய் அதை ஏ000 என்ற முகவரியில் படிக்கிறது. அது சேமித்த விளையாட்டை வைக்கும் நினைவகத்துக்கான முகவரி. கருவியைப் பொறுத்தவரை அது பழைய ஆட்டத்தின் மதிப்பெண்ணைப் படிக்கிறது; கிடைப்பதோ அந்த இடத்துக் காற்றின் எடை.

இது விபரீதமான யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். வாசல் திறந்திருந்ததால் அந்தக் காலத்திலேயே நிறுவனங்களும் இப்படித்தான் விளையாடின. 1998-இல் கேம் பாய் கேமரா வந்தது. அதே ஆண்டு பண்டாய் நிறுவனம் மீன் தேடும் சோனார் கருவியைக் கார்ட்ரிட்ஜாக விற்றது. 2000-இல் வந்த கிர்பி விளையாட்டு ஒன்று, கருவியைச் சாய்த்தால் பந்து உருளும்படி முடுக்கமானியோடு வந்தது. 2003-இல் கொனாமியின் பொக்டாய், வெயிலில் போய் நின்றால்தான் முன்னேற முடியும் என்று சூரிய ஒளி சென்சாரை வைத்தது.

பெரியவர் போர்டைச் செருகி சுவிட்சைத் தள்ளினார். மேலிருந்து இறங்கிய நிறுவனப் பெயர் புள்ளிபுள்ளியாகச் சிதைந்திருந்தது. 'டிங்' என்ற ஒலி வந்தது. அதோடு கருவி உறைந்து நின்றது. நான் வருத்தத்தோடு பார்த்தேன். பெரியவர் முகத்தில் மாற்றமே இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் திரைமேல் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

திரையில் இறங்கும் அந்தப் பெயரைக் கேம் பாய் கார்ட்ரிட்ஜிலிருந்துதான் படித்துக் காட்டுகிறது. உள்ளே 256 பைட் அளவில் ஒரு தொடக்க நிரல். அது கார்ட்ரிட்ஜின் தலைப்பகுதியில் உள்ள 48 பைட்டைப் படித்துத் திரையில் இறக்கும். பிறகு தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் கதவைச் சாத்திவிடும். கள்ளத் தயாரிப்பைத் தடுப்பதற்காக வைத்த பூட்டு அது. ஆனால் போர்டு செய்கிறவர்களுக்கு அதைப்போல நல்ல மருத்துவர் இல்லை. கார்ட்ரிட்ஜ் சரியாகப் பதியாவிட்டால் எட்டுக் கம்பிகளும் ஒன்று என்றே படிக்கும், பெயருக்குப் பதில் கறுப்புக் கட்டை இறங்கும். ஒரே ஒரு கம்பி விட்டிருந்தால்? ஒவ்வொரு பைட்டும் நான்கு புள்ளி அகலத்தில் இரண்டு வரிசையாக விரிகிறது. ஆகவே அந்தக் கம்பிக்கு உரிய இடத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரியில், நான்கு புள்ளிக்கு ஒரு முறை கறை விழும். எந்த வரி, எத்தனையாவது புள்ளி என்று எண்ணினால் எந்தக் கம்பி என்று தெரிந்துவிடும்.

"டி2" என்றார் பெரியவர். மல்டிமீட்டரை எடுக்கவே இல்லை. போர்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், ஃபிளாஷ் ஐ.சி.யின் ஒரு கால் மட்டும் மயிரிழை தூக்கியிருந்தது. ஃபிளக்ஸ் ஒரு துளி, அயன் நுனி ஒரு தொடுதல். மறுபடி செருகியபோது பெயர் முழுசாக இறங்கியது. பின்னாலேயே 1000-க்குச் சற்று மேலான ஓர் எண் நான்கு நிழல் திரையில் வந்து நின்றது. அந்த அறையின் காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கலில்.

மறுநாள் ஷிஞ்ஜுகுவிலிருந்து கெயோ ரயிலில் தகாவோ மலைக்குப் போனோம். 599 மீட்டர்தான் உயரம். டோக்கியோக்காரர்களுக்கு வார இறுதி மலை. மிகச் செங்குத்தான கேபிள் ரயில் ஒன்று பாதி மலைவரை ஏறுகிறது. பெரியவர் அதன் பக்கம் திரும்பவில்லை. ரயிலடியில் நின்று கேம் பாயை ஆன் செய்து, அந்த இடத்தின் உயரத்தைப் பட்டன்களால் பதிந்தார். வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் என்பதால் தெரிந்த ஓர் உயரத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ எட்டு மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும்.

சீடர் மரங்களுக்கு நடுவே பாதை ஏறியது. வளைவுக்கு வளைவு அவர் நின்று திரையைப் பார்ப்பார், எண் குறைந்திருக்கும், தலையசைப்பார், நடப்பார். எதிரே வந்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் கேம் பாயை அடையாளம் கண்டு சுற்றிக்கொண்டார்கள். என்ன விளையாட்டு என்று கேட்டதற்குப் பெரியவர் திரையைத் திருப்பிக் காட்டி, தரையில் குனிந்து கருவியை வைத்து, பிறகு கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார். தசமத்துக்குப் பின்னால் எண் மாறியது. பிள்ளைகளில் ஒருத்தி தானும் செய்து பார்க்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள். தரைக்கும் அவள் எட்டிப்பிடித்த உயரத்துக்கும் நடுவே காற்று வித்தியாசமாக இருக்கிறது என்பதை அவள் கண்ணால் பார்த்தாள்.

யாகுவோஇன் கோயிலைத் தாண்டி உச்சிக்கு வந்தபோது நடுப்பகல். மரநிழல் இல்லாத வெட்டவெளி. நண்பரின் ஐபிஎஸ் திரை போட்ட கருவியை வெளியே எடுத்தால் வெயிலில் அதன் வெளிச்சம் வெளிறிப்போய், கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கூடையில் கிடந்து வந்த என் பழைய கருவியோ வெயில் ஏற ஏறத் தெளிவானது. வெளிச்சத்தைத் திருப்பித் தருவதுதானே அதன் தொழில். காலையில் ரயிலடியில் பார்த்ததைவிட ஐம்பதை நெருங்கும் அளவுக்கு எண் இறங்கியிருந்தது. உச்சியில் நட்டிருக்கும் கம்பத்தில் எழுதியிருந்த உயரத்துக்கும் எங்கள் திரைக்கும் சில மீட்டர்தான் வேறுபாடு. நண்பர் தமிழில், "இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றார்.

பெரியவரிடம் விடைபெற்று நாங்கள் இருவரும் கியோட்டோவுக்குக் கிளம்பினோம். ஷின்கான்சென் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஏறினோம், இறங்கினோம். கமோ ஆற்றங்கரைக்குச் சற்று உள்ளே காகியாச்சோ என்ற அமைதியான தெரு. 1889-இல் புசாஜிரோ யமாவுச்சி பூச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய தலைமையகம் அங்கே இருக்கிறது. 1930-இல் கட்டிய கட்டடம், 2022 முதல் மருஃபுகுரோ என்ற ஓட்டல். வாசலில் சீட்டுக் கம்பெனிக் காலத்துப் பலகைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய் 1965-இல் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து என்பதுதான் அவர் கடைசிவரை சொன்னது. போட்டியாளர்கள் 1990 வாக்கில் வண்ணத்திரையும் பின்னொளியுமாக வந்தபோது செல் தீர்ந்து அவதிப்பட்டார்கள். சேகாவின் கேம் கியருக்கு ஆறு செல் வேண்டும். கேம் பாய் நான்கு செல்லில் அதைவிட நெடுநேரம் ஓடியது. ஆனால் எல்லாப் புகழையும் யோகோய்க்கே கொடுத்துவிடுவது சரியல்ல. அவருடைய அணியில் இருந்த சதோரு ஒகாடாதான் கருவி வெறும் மலிவு பொம்மையாக நின்றுவிடக் கூடாது, விளையாட்டுகளை மாற்றி மாற்றிப் போடக்கூடிய முழுக் கணினியாக இருக்க வேண்டும் என்று வாதாடியவர். பெரியவர் ஏ000-இல் காற்றழுத்தத்தைப் படித்த வாசலுக்கு நாம் ஒகாடாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். யோகோய் 1996-இல் நிறுவனத்தை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார்.

கியோட்டோவில் இன்னொரு பெயரும் நினைவுக்கு வந்தது. லண்டனில் ஆர்கோனாட் என்ற சிறு நிறுவனத்தில் இருந்த இளைஞர்கள், அதிகாரபூர்வக் கருவிகள் எதுவும் கைக்கு வராத நிலையில், கேம் பாயைத் தாங்களே பிரித்தறிந்து அதில் முப்பரிமாணக் கம்பி உருவங்களை ஓடவிட்டார்கள். தொடக்கப் பூட்டு 48 பைட்டை இரண்டு முறை படிக்கிறது: ஒன்று காட்டுவதற்கு, ஒன்று ஒப்பிடுவதற்கு. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் வைத்து முதல் முறை வேறு பெயரும் இரண்டாம் முறை சரியான பெயரும் போகும்படி செய்துவிட்டதாக நிறுவனர் ஜெஸ் சான் பிற்பாடு சொல்லியிருக்கிறார். நிண்டெண்டோ அவர்களைக் கியோட்டோவுக்கு அழைத்தது. அந்த முப்பரிமாண முயற்சி 1992-இல் 'எக்ஸ்' என்ற விளையாட்டாக ஜப்பானில் வந்தது. அடுத்து சூப்பர் எஃப்.எக்ஸ். என்ற ஐ.சி. பிறந்து, 1993-இல் ஸ்டார் ஃபாக்ஸ் கார்ட்ரிட்ஜுக்குள் போய் உட்கார்ந்தது. அந்த இளைஞர்களில் ஒருவரான டிலன் கத்பர்ட் 2001-இல் கியோட்டோவிலேயே கியூ-கேம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

எல்லாத் தந்திரங்களுக்கும் இப்படி வரவேற்பு கிடைத்ததில்லை; கிடைக்கவும் கூடாது. பிறர் விளையாட்டுகளைத் திருடிப் போட்டு ஓட்டுவதற்காகவே விற்ற ஆர்4 போன்ற அட்டைகளுக்கு டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2009-இல் தடை விதித்தது. கள்ளக் கார்ட்ரிட்ஜ்களால் அடிபடுவது பெரிய நிறுவனம் மட்டுமல்ல. ஜிபி ஸ்டுடியோ போன்ற இலவசக் கருவிகளை வைத்து மாதக்கணக்கில் உழைத்து ஒரு புது விளையாட்டைச் செய்து, சொற்பப் பிரதிகளைக் கார்ட்ரிட்ஜாக விற்கிற தனி ஆளின் படைப்பையும் அதே கூட்டம்தான் நகலெடுத்து விற்கிறது.

கடைசி நாள் உஜி நகரத்தின் ஒகுராவுக்குப் போனோம். 2024 அக்டோபரில் திறந்த நிண்டெண்டோ அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது; பெரும்பாலும் குலுக்கலில்தான் நுழைவுச் சீட்டு கிடைக்கும். நண்பருக்கு விழுந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகக் கருவிகள், அவற்றின் பெட்டிகள், விளையாட்டுகள். அந்தத் தளத்தில் படம் எடுக்க அனுமதியில்லை. நான் நெடுநேரம் நின்றது கருவிகளுக்கு முன்னால் அல்ல, அந்தக் கட்டடத்தின் வரலாற்றுக்கு முன்னால். 1969-இல் கட்டிய ஆலை அது. முதலில் சீட்டும் பூச்சீட்டும் அடித்தார்கள். பின்னர் நெடுங்காலம் வாடிக்கையாளர்கள் அனுப்பும் பழுதான கருவிகளைச் சரிசெய்யும் நிலையமாக இருந்தது. 2016-இல்தான் அந்த வேலை வேறிடம் போனது. ஆக, நான் நின்ற தரையில் எத்தனையோ கைகள் திரையை மாற்றியிருக்கும், சுவிட்சைத் துடைத்திருக்கும், விட்டுப்போன காலுக்கு ஈயம் வைத்திருக்கும். காட்சிக்கு வைத்த பளபளப்பான கருவிகளைவிட அந்த மேசைகளைப் பார்க்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது.

திரும்பும் கிந்தெட்சு ரயிலில் நண்பர் மடிக்கணினியைத் திறந்து, போர்டு வரையும் கிகேட் மென்பொருளில் வரைபடத்தை எடுத்தார். பெரியவர் அடுத்த போர்டில் மலையேறும் வழியெங்கும் எடுத்த அளவுகளைச் சேமிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பழைய முறையில் செய்தால் எஸ்ராம் நினைவகமும் அதைத் தூங்காமல் காக்க ஒரு பொத்தான் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்கு ஆயுள் உண்டு. 1999-இல் வந்த போகிமொன் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களுக்குள் ஓயாமல் ஓடும் கடிகாரமும் இருந்ததால் எத்தனையோ பிள்ளைகளின் சேமிப்பு அதன் பேட்டரியோடு மறைந்துவிட்டது. எஃப்ராம் என்ற புதுவகை நினைவகத்துக்குப் பேட்டரியே தேவையில்லை. ஆனால் கிடைப்பதும் அருமை, விலையும் அதிகம்.

"எஃப்ராமே போட்டுடலாம்னு நினைக்கிறேன். அவர் என்ன சொல்வாரோ" என்று நண்பர் செய்தி அனுப்பினார். தம்பபாஷி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. இரண்டுக்கும் போர்டில் இடம் விடச் சொல்லியிருந்தார் பெரியவர்: செய்கிறவர் ஊரில் எது கிடைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும், பேட்டரி என்றால் ஈயம் வைத்து ஒட்ட வேண்டாம், கழற்றி மாட்டும் பிடியாக இருக்கட்டும். நண்பர் பேட்டரிப் பிடியின் தடிமனை உறையின் உள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இடிக்கிறது என்றார். சென்சாரை இடப்பக்கம் நகர்த்தி, அதன் டிராக்குகளை அழித்துவிட்டு மறுபடி இழுக்கத் தொடங்கினார்.